பன்னிரண்டாவது பெயர்

"கால்ல செருப்பு இருந்துச்சாம்மா?"

விபத்துச் சாவுகளைப் பாட்டாகக் கட்டிச் சந்தையில் பாடி விற்கும் பாட்டுக்காரர், சாவு வீட்டு வாசலில் கேட்கும் முதல் கேள்வி அதுதான். ரயில் கவிழட்டும், பாலம் இடியட்டும், எப்படி நடந்தது என்று ஊரே குடைந்துகொண்டிருக்கும்போது இவர் செருப்பை விசாரிப்பார். "அழுதுக்கிட்டு இருக்கறவங்ககிட்ட பெருசா எதுவும் கேக்கக் கூடாது. செருப்பைக் கேட்டா மிச்சமெல்லாம் தானா வந்துரும்" என்பார், தொழில் ரகசியம் சொல்கிற மிடுக்கோடு.

எதையும் எழுதிக்கொள்ள மாட்டார். நேரே அச்சகத்துக்குப் போய் இவர் பாடப் பாட, அங்கே எழுத்துக் கோப்பவர் கோத்துக்கொண்டே வருவார். பொழுது சாய்வதற்குள், மை காயாத பாட்டுத்தாள்களைத் தகரப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு சந்தைக்கு வந்துவிடுவார். அந்தப் பெட்டிதான் அவருக்கு மேளமும். மூன்றாம் அடியில் செருப்பு வரும்; கல்நெஞ்சுக்காரனும் மூக்கைச் சிந்துவான். கடைசியில் இறந்தவர்களின் பெயர்கள் வரிசையாக வரும். அதில் ஒன்று விட்டுப்போனாலும் மறுநாள் சொந்தக்காரர்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள்.

நூற்பாலை தீப்பிடித்தபோது பன்னிரண்டு பெண்கள் வெந்துபோனார்கள். அதில் ஒருத்தி இவருடைய ஒரே மகள். அன்று வீட்டுக்கு வந்தவர், வாய்ப் பழக்கம், மனைவியிடமும் அந்தச் செருப்புக் கேள்வியையே கேட்டுவிட்டார்.

"இவளையும் சந்தையில விக்கப் போறீங்களா?" என்றாள் அவள். மூன்றாம் நாள் சொன்னாள்: "மத்தவங்களைப் பாடிக்குங்க. எம்பொண்ணு பேரு கண்டவன் வாயில வந்து என் காதுல விழக் கூடாது."

அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார்.

மற்ற பதினொரு வீட்டாரும் வந்து நின்றதால் பாடித்தான் ஆகவேண்டியிருந்தது. அவர் கட்டியதிலேயே அதிகம் விலைபோனது அந்தப் பாட்டுதான். இப்படி ஒரு தண்டனை எதிரிக்கும் வேண்டாம். பன்னிரண்டு பேர் என்று தொடங்கி, பதினொரு பெயர் சொல்லி, ஒரு தாளம் வெறுமனே விட்டு முடிப்பார். "ஒண்ணு குறையுதேய்யா" என்று யாராவது கேட்டால், "நமக்குக் கணக்கு மட்டம்" என்று மழுப்புவார்.

இப்போது மகளோடு வேலை பார்த்த பெண்களும் கூட்டத்தில் வந்து நிற்கிறார்கள். நல்ல மனசுதான். தோழியை விட்டுவிட்டாரே என்று அந்த இடைவெளியில் அவள் பெயரை அவர்களே சேர்த்துப் பாடிவிடுகிறார்கள். இவர் வீடு சந்தைக்கு அடுத்த தெருவில். மனைவி சன்னலைச் சாத்துவதில்லை.

அதனால் அந்த இடம் வந்ததும் தகரப் பெட்டியை இரண்டு கையாலும் வெறிபிடித்தவர்போல அறைகிறார். பெண்கள் பாடுவது யார் காதிலும் விழுவதில்லை. அந்த இரைச்சலுக்குள், அவருடைய உதடுகளும் அவர்களோடு சேர்ந்து அசைகின்றன.