சுத்த அறையில் சாம்பிராணி

எண்பதுகளின் நடுவில் புதுச்சேரியில் ஒருவன் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்தால், ரேடியோ ரிப்பேர் கடை வைக்கப் போகிறான் என்றுதான் நினைப்பார்கள். மில் தொழிலாளியான என் அப்பாவும் அப்படித்தான் நினைத்தார். ரேடியோவுக்குள் இருக்கும், கடுகைவிடச் சிறிய சிலிக்கான் சில்லைப் பற்றிச் சொல்லிப் பார்த்தேன். "அத்துக்கு ஒரு கம்பெனியா?" என்றார். விட்டுவிட்டேன்.

தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனி ஒரு தகரக் கூரைக் கட்டடம். உள்ளே ஏசி போட்டது ஒரே ஒரு அறை. அதைச் சுத்த அறை என்போம். அங்கே சில பெண்கள் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபடி, தலைமயிரைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லில் ஒட்டுவார்கள். கம்பி நிற்கிறதா என்று இழுத்துப் பார்ப்பது என் வேலை. தூசி பட்டால் ஒட்டாது. அதனால் பெண்கள் பவுடர் போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. காலையில் கழற்றிய மல்லிகைச் சரங்கள் கதவுக்கு வெளியே ஆணியில் தொங்கும். மேனேஜர் தினமும் அவர்கள் தலையைப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்.

அந்த வருடம் ஆயுதபூஜைக்கு நான் லீவு. திரும்பி வந்தால் ஒட்டிய கம்பியெல்லாம் கையோடு வந்தது. அரியாங்குப்பத்திலிருந்து வரும் ஒரு அக்கா ஒட்டிய சில்லுத் தட்டுகள்தான் மிக மோசம். அவர் கணவருக்கு மில் வேலை போயிருந்தது. வீடு அவர் சம்பளத்தில் ஓடியது.

"இந்தம்மாவுக்குக் கை வேர்க்குது. நாளையிலேருந்து வேணாம்" என்றார் மேனேஜர்.

"கையுறை போட்டுக்கினுதானே சார் செய்றேன்" என்றார் அக்கா.

நான் சில்லுத் தட்டு ஒன்றைத் திறந்தேன். சாம்பிராணி வாசனை அடித்தது. விசாரித்தேன். தொழில் செய்யும் பொருளைச் சாமி முன்னால் திறந்து வைக்க வேண்டும் என்று முதலாளி சொல்லியிருக்கிறார். தட்டுகளை அக்காவின் மேசையில் மூடியில்லாமல் அடுக்கி, அறை முழுக்கப் புகை காட்டியிருக்கிறார்கள். ஒரு முழம் பூவுக்கு உள்ளே இடமில்லை. ஒரு சட்டிப் புகைக்கு இடம் இருந்திருக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவங்க கைய விடுங்க சார். தட்ட மோந்து பாருங்க" என்றேன்.

"மோந்து பாத்து சொல்றதுக்கா உனக்கு டிப்ளமா குடுத்தாங்க?" என்றார் மேனேஜர்.

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். கம்பி ஒட்டாததற்குச் சாம்பிராணிப் புகைதான் காரணம் என்றேன். பிரான்சில் பல வருடம் இருந்து திரும்பியவர். முசியே என்றுதான் கூப்பிடுவோம்.

"சாமிக்குக் காட்டனது தப்புங்கிறியா?"

"சாமிக்குக் காட்டுங்க முசியே. சில்லுக்கு ஏன் காட்டுறீங்க?"

அவர் முகம் சிவந்தது. பிறகு, "செஞ்சு காட்டு" என்றார்.

பூஜையன்று அலமாரியிலேயே பூட்டிக் கிடந்த தட்டு ஒன்றைக் கொண்டுவந்தேன். கம்பி ஒட்டும் மெஷினைத் துடைத்து, அக்காவையே உட்காரச் சொன்னேன். அவர் ஒட்டி முடித்ததும் முசியே முன்னால் இழுத்தேன். கம்பிதான் அறுந்தது, ஒட்டு விடவில்லை. புகை காட்டிய தட்டிலிருந்த சில்லில் அதே அக்கா ஒட்டியது, தொட்டதும் வந்துவிட்டது.

முசியே மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "அடுத்த வருஷம் பூஜைய வெளிய கேட்டாண்ட வச்சிக்கலாம்" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டுப் போனார். அக்காவை நாளைக்கு வரச் சொல்வதா வேண்டாமா என்று மேனேஜரும் அதற்குப் பிறகு பேசவில்லை.

மறுநாள் அக்கா வந்து உட்கார்ந்தார். நன்றி சொல்வார் என்று நினைத்தேன். அவர் என்னைத் திட்டினார்.

"முசியே உங்களையும் சேத்து அனுப்பியிருந்தா இன்னா பண்ணியிருப்பீங்க?"

"வேற கம்பெனி பாத்திருப்பேன்."

"எங்க சார்? இந்த ஊர்ல இந்த வேலைக்கு வேற கம்பெனி எங்க கீது?"

இல்லைதான். நான் படித்த படிப்புக்கும், அவர் கை பழகிய வேலைக்கும் பாண்டிச்சேரியில் அந்த ஒரு அறைதான் இருந்தது. அடுத்த தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன்.