பிள்ளை மடுவத்தில் தண்ணிக்கழிவு

அக்கரப்பத்தனைப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடத்துக்குப் பிள்ளை மடுவம் என்று பெயர். அங்கே ஆயம்மா அம்மாக்கண்ணு. சொந்தப் பிள்ளை கிடையாது. ஆனால் அத்தனை தொட்டிலையும் ஒரே அதட்டலில் தூங்கவைத்துவிடுவாள். அந்த அதட்டலுக்கு வாசலில் நிற்கும் நாயும் சேர்ந்து படுத்துவிடும்.

1956இல் பிள்ளைகளுக்கு இலவசப் பால்மா வந்தது. அதுவரை லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகளுக்குக் காலையில் கிடைத்தது, அம்மாவின் ரொட்டியில் ஒரு விள்ளலும் சீனியில்லாத தேத்தண்ணியும்தான். பாலை முதலில் எல்லாம் துப்பின. அம்மாக்கண்ணு கருப்பட்டியைத் தட்டிப் போட்டாள். அதன்பிறகு குவளையையும் சேர்த்துக் கடித்தன. கலக்கும்போது ருசி பார்ப்பது தன் கடமை என்பாள். அந்தக் கடமை அவள் மேலுதட்டில் வெள்ளையாகத் தெரியும்.

சில மாதம் கழித்து, தோட்டத்து டாக்டர் ஐயா ஜெயரத்தினம் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், சிரிப்பதென்றாலும் யோசித்துத்தான் சிரிப்பார்.

"அம்மாக்கண்ணு, பால் குடிச்சுப் பிள்ளையள் தேறியிருக்குதுகளோ எண்டு தோட்டத் துரை கேக்கிறார். நாளைக்கு நிறுப்பம். பாரம் கூடாட்டி பால்மாவை நிப்பாட்டிப் போடுவினம்."

"கூடியிருக்குங்க ஐயா. பூரணியத் தூக்குனா இடுப்பே வலிக்குதுங்க."

"உன்ர இடுப்பு வலியைத் துரைக்கு எழுதேலாது."

மருந்துச்சாலைத் தராசு துருப்பிடித்துப்போயிருந்தது. அதனால் மறுநாள் கணக்கப்பிள்ளை ஆண்டியப்பன் கொழுந்து நிறுக்கும் தராசைக் கொண்டுவந்து விட்டத்தில் மாட்டினார். ஒரு கொழுந்துக் கூடையும் தொங்கியது. வெளியே மழை. பகல் சாப்பாட்டு நேரம். கன்னத்தில் மைப்பொட்டு வைத்த பிள்ளைகளோடு தாய்மார் சுற்றி நின்றார்கள்.

பிள்ளையைக் கூடையில் வைக்க வைக்க, மலையில் கத்துகிற அதே குரலில் ஆண்டியப்பன் எடையைக் கத்தினார். டாக்டர் ஐயாவின் முகம் சுருங்கிக்கொண்டே போனது. வைத்த பிள்ளையெல்லாம், பால்மா வருமுன் அவர் நிறுத்து எழுதிவைத்த எடையைவிடக் குறைந்திருந்தது.

பூரணியின் அம்மா ராசம்மா அம்மாக்கண்ணுவை ஏற இறங்கப் பார்த்தாள். "புள்ளைங்க பாலு எங்க போச்சின்னு தேட வேணாம். இவ மூஞ்சியிலேயே ஒட்டியிருக்கு!"

அம்மாக்கண்ணு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளை அதட்டலில்லாமல் நாங்கள் பார்த்தது அன்றுதான்.

கடைசியாகப் பூரணியைக் கூடையில் வைத்தார்கள். கூடை விட்டத்தையே இழுத்தது. ஆனாலும் ஆண்டியப்பன் எடையைக் குறைத்துத்தான் கத்தினார்.

"பொறும் காணும். கூடைக்கு எவ்வளவு கழிச்சனீர்?" என்றார் டாக்டர் ஐயா.

"கூடைக்கு ரெண்டு றாத்தலுங்க. தண்ணிக்கு மூணு."

"என்ன தண்ணி?"

"மழைங்களே ஐயா. மழ நாளுல கொழுந்துக்குக் கழிக்கிறதுதானுங்களே."

பெண்கள் சிரித்த சிரிப்பில் தொட்டிலில் கிடந்ததெல்லாம் எழுந்து அழுதன. அம்மாக்கண்ணுவுக்குக் குரல் திரும்பி வந்தது. "ஏங்க கணக்கப்பிள்ளை ஐயா, இது புள்ளைங்களா, ஈரக் கொழுந்துங்களா? முத்தல் எலைக்கும் கழிக்கலாமே, ரெண்டுக்குப் பல்லு மொளச்சிருச்சு!"

ஆண்டியப்பனுக்கு வேர்த்தது. பிள்ளைக்குக் கழித்தது தப்பென்றால், கொழுந்துக்கு மூன்று கழிப்பதையும் இந்தப் பெண்கள் கேட்பார்களே. "கழிச்சது கழிச்சதுதான். தராசுக்கு ஒரே சட்டம்," என்று விறைத்து நின்றார்.

அந்த நேரம் பார்த்துப் பூரணி கூடைக்குள் இருந்தபடியே ஒன்றுக்குப் போனாள். கூடையின் அடியிலிருந்து ஒழுகி, ஆண்டியப்பனின் சப்பாத்துக் காலில் சொட்டியது.

"ஐயா, தண்ணி எறங்கிருச்சுங்க!" என்று கத்தினாள் அம்மாக்கண்ணு. "கழிச்சதத் திருப்பிக் கூட்டிப் போடுங்க!"

டாக்டர் ஐயா யோசிக்காமலே சிரித்துவிட்டார். எல்லாப் பிள்ளைக்கும் மூன்று றாத்தலைத் திருப்பிக் கூட்டினார். ஒன்றுகூடக் குறையவில்லை; பூரணி நன்றாகவே ஏறியிருந்தாள். பால்மா நிற்காது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாலையில் கொழுந்து நிறுக்கும்போது முதல் ஆளாக ராசம்மா கூடையை மாட்டினாள். "ஐயா, கொஞ்சம் பொறுங்க. தண்ணி எறங்கட்டும்."

வரிசை முழுக்கச் சிரித்தது. ஆண்டியப்பன் கழிக்கத்தான் செய்தார். ஆனால் அன்று இரண்டுதான் கழித்தார், அதையும் கத்தாமல் முணுமுணுத்தார்.

மறுநாள் காலை அம்மாக்கண்ணு பால் கலக்கினாள். வழக்கம்போல் ருசி பார்த்தாள். பிறகு ராசம்மா வருகிறாளா என்று வாசலைப் பார்த்துக்கொண்டே உதட்டை அழுத்தித் துடைத்தாள்.