சுவிட்ச் போர்டில் கக்கா

வெயிலில் காயும் சிப்பியின் வாடை தெரியுமா உங்களுக்கு? உப்பும் மீனும் கலந்த ஒன்று... ஆரியசாலையில் எங்கள் வாடகை வீட்டு மொட்டைமாடி ஒரு வாரம் முழுக்க அப்படித்தான் மணத்தது. பக்கத்து வீட்டு மாமி ஜன்னலைத் திறக்கவே இல்லை.

மீனா அக்காவைப் பெண் பார்க்கத் திருநெல்வேலியிலிருந்து வரப்போகிறார்கள். முன்னால் வந்த இரண்டு இடமும் தட்டிப்போயிருந்தன. இந்த மாப்பிள்ளையின் போட்டோவை மட்டும் அக்கா தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள். அதை நான் பார்த்தது அவளுக்குத் தெரியாது.

வீட்டுக்கு வெள்ளையடிக்க அப்பாவால் அப்போது முடியவில்லை. முன்னறை சுவிட்ச் போர்டைச் சுற்றி வருஷக்கணக்கில் கைபட்ட கறை. வாஷ்பேசின் கண்ணாடியில் ஓரமெல்லாம் ரசம் போயிருந்தது.

"மறைச்சிரலாம்டீ" என்றாள் அக்கா.

சங்குமுகம் கடற்கரைக்குப் போய் ஒரு பை நிறையப் பொறுக்கி வந்தோம். போர்டைச் சுற்றிச் சிப்பி, கண்ணாடியைச் சுற்றிக் குட்டிச் சங்கு, சாவி மாட்டும் பலகையில் பசை தடவி மணல் தூவி ஒரு நட்சத்திர மீன்... அது அட்டையில் வெட்டியதுதான். காலிங் பெல்லை மட்டும் அம்மா தொடவிடவில்லை. "ஷாக்கடிச்சா ஆரு பதில் சொல்லுவா?"

அந்த நாளும் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்ததிலிருந்து போர்டையே பார்த்தார். "அழகா இருக்கே! யாரு செஞ்சது?"

ஆறாம் கிளாஸ் படிக்கிற எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"நானும் அக்காவுமாக்கும் அத்தை. எல்லாம் கக்கா! நாத்தம் போக வெயில்ல காயவச்சு, அக்கா கையாலயே ஒட்டினா."

மலையாளத்தில் கக்கா என்றால் சிப்பி. எங்கள் ஊர் மலையாளப் பள்ளிக்கூடத்தில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். திருநெல்வேலியில் அது கைக்குழந்தை துணியில் போவது என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவே இல்லை.

அத்தை கையிலெடுத்த கேசரியைத் திரும்பத் தட்டில் வைத்தார். அப்பாவின் முகம் வெளுத்தது. மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். போச்சு... இந்த இடம் என்னாலேயே போச்சு என்று எனக்கு அழுகை முட்டியது.

அப்போது உள்ளறையிலிருந்து அக்கா வந்தாள். கூப்பிடும் வரை வரக்கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். நேராக வந்து அத்தையின் கையைப் பிடித்து, போர்டுக்கு அழைத்துப்போய் ஒரு சிப்பியின் மேல் வைத்தாள்.

"சிப்பி அத்தை. மலையாளத்துல இதுக்குப் பேரு கக்கா. நீங்க பயப்படாம கேசரி சாப்பிடுங்க."

அத்தை தடவிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர், கண்ணில் தண்ணீர் வரும்வரை நிறுத்தவில்லை. "ஏல, பொண்ணு வாயத் தொறந்து பேசுதால. எனக்குப் புடிச்சிருக்கு" என்றார் மகனிடம். மகனுக்கு, உள்ளறைக் கதவருகே அவளைப் பார்த்தபோதே பிடித்துவிட்டதாம்.

கல்யாணம் முடிந்து அக்கா போன அன்று, அந்த போர்டில் விளக்கைப் போடப் போய் நின்று அழுதேன்.

இப்போது நான் இருக்கும் ஃபிளாட்டில் சுவிட்செல்லாம் வழவழவென்று வெள்ளை. ஃபேனுக்குக்கூட ரிமோட். எதையும் ஒட்ட மனம் வருவதில்லை. சங்குமுகத்திலும் கடல் பாதி மணலைக் கொண்டுபோய்விட்டது. ஆனாலும் மாதம் ஒருமுறை போய்க் குனிந்து தேடுகிறேன்.

காரணம், திருநெல்வேலியிலிருந்து வரும் அத்தையின் போன். காது சரியாகக் கேட்காததால் தெருவுக்கே கேட்கிற மாதிரிதான் பேசுவார்.

"ஏட்டி, வரும்போது கொஞ்சம் கக்கா கொண்டா. நம்ம வீட்டு போர்டுல மீனா ஒட்டினதுல ரெண்டு உதிர்ந்துட்டு!"