கோதண்டம் போட்ட வெற்றிலை

மாகறலில் தாண்டவராயனோடு மூணு சீட்டு ஆட உட்காருகிறவர்களுக்கு ஒரு பயம் உண்டு. கையில் ஒன்றுமே இல்லாமல் துணிச்சலாகப் பந்தயத்தை ஏற்றுகிறவனை அவர் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்.

தொண்ணூற்றெட்டில் அறுவடை முடிந்ததும், செய்யாற்றங்கரைத் தோப்பில் நடக்கும் ஆட்டத்துக்கு மாட்டுத் தரகர் கோதண்டம் வர ஆரம்பித்தார். தாண்டவராயனின் ஜோடிக் காளைகளைப் பலமுறை விலைக்குக் கேட்டு அலுத்துப்போனவர். அவை தாண்டவராயனின் மனைவி ஜெயம்மாள் கன்றிலிருந்து கஞ்சி ஊற்றி வளர்த்தவை. கொடுக்க முடியாதென்று அவள் சொல்லிவிட்டாள்.

கோதண்டம் மோசமாக ஆடினார். மட்டமான சீட்டு வந்தால் உடனே வெற்றிலைப் பையை எடுத்துவிடுவார். தாண்டவராயன் அதைக் கவனித்துக்கொண்டார். பை திறந்தால் இவர் பந்தயத்தை ஏற்றுவார், அவர் சீட்டைக் கவிழ்த்துவிடுவார். பங்குனி முழுக்க இப்படியே ஜெயித்தார்.

சித்திரையில் ஒரு மதியம் மற்றவர்கள் விலகிக்கொள்ள, இருவர் மட்டும் மிஞ்சினார்கள். தாண்டவராயனிடம் ஒரு ஜோடி ராஜா. பெரிய கை இல்லை. ஆனால் கோதண்டம் வெற்றிலைக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். ஏற்றி ஏற்றிக் கையிலிருந்த பணமெல்லாம் தீர்ந்தது.

"போதும் நைனா, வம்பு இன்னாத்துக்கு? சீட்டப் போட்டுடு," என்றார் கோதண்டம்.

அவர் பயந்துவிட்டார் என்றே தாண்டவராயனுக்குப் பட்டது. "காளைங்கள வெக்கிறேன். காட்டு."

கோதண்டம் சீட்டைத் திருப்பினார். மூன்றும் ஒன்பது. எந்த ஜோடியையும் அடிக்கும் கை.

"வெத்தல போட்டுக்கினு இருந்தியே?"

"நீ பாத்துக்கினு இருந்த. அதான் போட்டேன்."

மறுநாள் காளைகளை ஓட்டிப்போன பிறகு, ஜெயம்மாள் வெறும் கட்டுத்தறியில் நின்றபடி கேட்டாள். "ஆடறப்போ என் நெனப்பு ஒரு தபா வந்துச்சா?"

"வந்துச்சு," என்றார்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

கூலி வேலைக்கு ஒப்புக்கொண்டு முன்பணம் வாங்கிக்கொண்டு, காளைகளை மீட்கத் தாண்டவராயன் கோதண்டத்தைத் தேடிப் போனார். அதற்குள் அவை சந்தையில் கைமாறியிருந்தன. வாங்கியவர் எந்த ஊர் என்று கோதண்டம் சொல்லவில்லை. தாண்டவராயன் அத்தோடு சீட்டைத் தொடவில்லை. உழவுக்கு வாடகை டிராக்டர் வந்தது.

சில வருடம் கழித்து, தென்னேரியிலிருந்து ஒரு காளைக்கன்றை வாங்கித் தோளில் சுமந்து வந்து வாசலில் இறக்கினார். ஜெயம்மாள் அதன் நெற்றியைத் தடவிக்கொடுத்தாள். அவர் முகம் மலர்ந்தது.

"இத எவன் கைக்கு வளக்கறது?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள்.

அவர் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து கன்றின் முன் வைத்தார். அது குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, அதை மறுபடி தூக்கிக்கொண்டு வந்த வழியே நடந்தார்.