உப்புக் கிடங்குக் கதவின் சிலந்தி

ஜெர்மன் யுத்தம் முடிந்த சில வருஷங்களில் எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய ஓர் உப்புக் கிடங்கில் எனக்கு ரைட்டர் வேலை. அந்தக் கிடங்கைப் பூட்டுவதற்கு ஒரு முறை உண்டு. பூட்டின் மேல் நாடா சுற்றி, முடிச்சில் அரக்கு ஊற்றி, முத்திரை குத்த வேண்டும். நாடாவின் அகலத்துக்குக்கூட விதி இருந்தது. ஆனால் அந்த அரக்கை ஒருவரும் நம்பவில்லை. எங்கள் முத்திரையைப் போலவே இன்னொன்று வெட்டித் தர வண்ணாரப்பேட்டையில் ஆள் இருப்பதாகப் பேச்சு. எல்லோரும் நம்பியது, கதவுக்கும் நிலைக்கும் குறுக்கே ஒரு சிலந்தி கட்டியிருந்த வலையை.

இந்த வழக்கத்தை எந்தக் காலத்து இன்ஸ்பெக்டர் தொடங்கிவைத்தாரோ தெரியாது. மழைக்காலம் முழுவதும் கிடங்கு பூட்டியே கிடக்கும். வலை முழுசாக, உப்புத்தூசி படிந்து தொங்கினால் கதவு திறக்கப்படவில்லை என்று அர்த்தம். இதற்கு எந்த விதியும் இல்லை. அதனால்தான் அது இவ்வளவு ஒழுங்காக அனுசரிக்கப்பட்டது.

வலைக்குக் காவல் கிடங்கு வாட்ச்மேன். கதவுப் பக்கம் துடைப்பம் வராமல் பார்த்துக்கொள்வான். பல்லியைக் கண்டால் விரட்டுவான். கிடங்குக்குப் பின்னால் உப்பு இலாகா கொடுத்த குடிசையில் அவனும் மனைவியும் இரண்டு பெண்களும் இருந்தார்கள். வேலை போனால் அன்றே குடிசையும் போகும். அது விதியில் தெளிவாகவே இருந்தது.

"அரக்கு இன்னா ரைட்டரே, எவன் வோணாலும் ஊத்துவான். இந்தப் பூச்சிக்கு எவன் லஞ்சம் குட்க்க முடியும்?" என்பான்.

ஓர் ஐப்பசியில் ஒரு நாள் காலை அவன் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். வலையின் ஓரத்தில் ஓர் அழுக்குத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. காய்ந்த இலைத்தூள் மாதிரி. உற்றுப் பார்த்தால் அதற்குக் கால்கள் இருந்தன. அது ஒரு சின்னச் சிலந்தி. முன்னங்காலால் இழை ஒன்றை மெல்லச் சுண்டியது. நிறுத்தியது. மறுபடி வேறு விதமாகச் சுண்டியது. வலையில் சிக்கிய ஈ அப்படித்தான் துடிக்கும். உள்ளே இருந்த பெரிய சிலந்தி இரை என்று நம்பி இறங்கி வந்தது. தன் வீட்டில், தன் இழையின் மேல், எந்த அவசரமும் இல்லாமல் வந்தது. துணுக்கு ஒரே தாவு தாவிக் கடித்தது.

"அட கஸ்மாலம், தன் சாதியவே துண்ணுதே! அட்ச்சுப் போட்றட்டா?"

"அடித்தால் வலை கிழியும்."

"வுட்டா?"

"விட்டாலும் கிழியும். கொஞ்சம் நாளாகும்."

மேலிடத்துக்கு எழுதலாம் என்றால் என்ன எழுதுவது? சிலந்தி இலாகா ஊழியர் அல்ல. அது இறந்ததைத் தெரிவிக்க வழி கிடையாது.

சொன்னபடியே நடந்தது. பராமரிக்க ஆளில்லாத வலை கடற்காற்றில் தொய்ந்து, ஒரு மழை நாளில் முழுதாக அறுந்து விழுந்தது. வாட்ச்மேன் தன் குடிசைக் கூரையிலிருந்து ஒரு சிலந்தியைத் தேங்காய்ச் சிரட்டையில் பிடித்துவந்து நிலையில் விட்டான். அதுவும் கட்டியது. அவன் முகத்தில் ரத்தம் திரும்பியது. நானும் அவனும் கவனிக்காமல் விட்டது ஒன்றுதான். புது வலை தூசியே படியாமல் வெள்ளை வெளேரென்று இருந்தது.

இன்ஸ்பெக்டர் முன்னறிவிப்பு இல்லாமல்தான் வருவார். வந்ததும் அரக்கைப் பார்க்கவில்லை, நேரே வலையைப் பார்த்தார்.

"இது எப்போது கட்டியது?"

"தொரே, பளய பூச்சிய வேறொரு பூச்சி துண்ணுட்ச்சு. நான்தான் புதுசா ஒண்ணு கொணாந்து வுட்டேன்."

"நீயே கொண்டுவந்து விட்டாயா!" இன்ஸ்பெக்டர் சிரித்தார். "திருடனே சாட்சியையும் கூட்டிவருகிறான்."

நான் குறுக்கிட்டேன். கண்ணால் பார்த்தேன் என்றேன். அரக்கு அப்படியே இருப்பதைக் காட்டினேன். அதிர்ஷ்டவசமாகக் குற்றவாளியும் அங்கேயே இருந்தது. புது வலையின் ஓரத்தில் உட்கார்ந்து இழையைச் சுண்டிக்கொண்டிருந்தது. "இதோ, இதுதான்" என்று விரலை நீட்டினேன்.

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். அந்த நேரம் பார்த்து அது கால்களை மடக்கிக்கொண்டது.

"அழுக்கு" என்றார். பிரம்பு நுனியால் தட்டிவிட்டார். அதோடு வலையும் போயிற்று.

"சிலந்தியைச் சிலந்தி தின்றது என்று சமாதானம் சொல்ல எந்த விதி இடம் தருகிறது, ரைட்டர்?"

வலையைச் சாட்சியாகக் கொள்ள எந்த விதி இடம் தருகிறது என்று நான் திருப்பிக் கேட்டேன். அவர் கதவைத் திறந்து உப்பை நிறுக்கச் சொன்னார். மழைக்காலத்தில் உப்பு கசிந்து எடை குறையும். எல்லா வருஷமும் அதற்குச் சேதாரம் என்று பெயர். அந்த வருஷம் திருட்டு என்று பெயர் வைத்தார்கள்.

குடிசையை அன்று மாலையே காலி செய்யச் சொன்னார்கள். மழை விடவில்லை. பெண்கள் இருவரும் ஒரு கோணிச்சாக்கைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு தாயின் பின்னால் போனார்கள். வாட்ச்மேன் இடுப்பு வாரையும் பித்தளை வில்லையையும் கழற்றி என் மேஜைமேல் வைத்தான்.

அடுத்து வந்த வாட்ச்மேன் புத்திசாலி. நடந்ததைக் கேள்விப்பட்டவன், தினமும் காலையில் கதவு முழுவதும் துடைப்பம் போட்டான். ஒட்டடை என்ற பேச்சுக்கே இடமில்லை. இன்ஸ்பெக்டர் அடுத்த முறை வந்தபோது சுத்தத்தை மெச்சிவிட்டுப் போனார்.

சில வருஷம் கழித்து ராயபுரத்தில் கரி இறக்கும் இடத்தில் பழைய வாட்ச்மேனைப் பார்த்தேன். அவன்தான் என்னை அடையாளம் கண்டான். கரிப்பூச்சில் என்னால் முடியவில்லை. மூத்த பெண் அந்த மழையில் கண்ட ஜுரத்திலேயே போய்விட்டாள் என்றான். வெகுநேரம் இருமினான். பிறகு கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டே கேட்டான்:

"அந்தப் பூச்சி இன்னா ஆச்சு, ரைட்டரே? அதுக்கு இன்னா தண்டன குட்த்தாங்க?"

"மறுநாளே நிலைமேல் வந்து உட்கார்ந்துவிட்டது" என்றேன். "வேறு யார் கண்ணிலும் அது படவில்லை."

"படாது" என்றான். மேஸ்திரி சத்தம் போட்டான். அவன் கூடையோடு கரிக்குவியலுக்குப் போட்டிருந்த பலகைமேல் ஏறிப் போனான்.