விளாங்குடி உலக அரங்கத்தின் இரங்கல் தீர்மானம்

கைலாசநாதன் திருச்சிக்கு வடக்கே கால் வைத்தவரில்லை. ஆனால் ஜெனீவாவில் எந்த நாட்டுக்காரன் எதில் கையெழுத்துப் போட வேண்டும் என்பதில் அவருக்குத் திட்டவட்டமான அபிப்பிராயங்கள் இருந்தன. அவற்றைக் கேட்டுக் கேட்டு மனைவி பட்டுவுக்குக் காது புளித்துப் போயிருந்தது.

அரசாங்க ஆபீசில் குமாஸ்தாவாக நுழைந்து தலைமைக் குமாஸ்தாவாக வெளியே வந்தவர். அதற்கு மேல் ஒரு படி அவரை ஏறவிடவில்லை. அந்தக் கடுப்பையெல்லாம் உலகத்தின் மேல் திருப்பிவிட்டார். விளாங்குடியில் வீடு கட்டிக் குடிவந்த கையோடு, பாமர ஜனங்களுக்குச் சர்வதேச ஞானம் புகட்டப் போவதாக ‘விளாங்குடி உலக அரங்கம்’ என்று ஒன்றை ஆரம்பித்தார். ஞாயிறு சாயங்காலம், திண்டுக்கல் ரோட்டோரம் ஒரு டுடோரியல் கொட்டகையில் கூட்டம். தலைவர் அவர், பேச்சாளர் அவர், நன்றியுரையும் அநேகமாக அவரேதான். வந்தவர்களில் பாதிப் பேர் பட்டுவின் சுண்டலுக்காக வந்தார்கள். இது பட்டுவுக்குத் தெரியும், வந்தவர்களுக்கும் தெரியும். தெரியாத ஒரே ஆள் தலைவர்.

அரங்கத்துக்கென்று ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு கூட்டமும் இரங்கல் தீர்மானத்தோடு முடியும். எங்கேயாவது ஒரு ஜனாதிபதியைச் சுட்டிருப்பார்கள், எங்கேயாவது பூமி நடுங்கியிருக்கும். கைலாசநாதன் தீர்மானத்தைப் படித்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்பார். எல்லோரும் ஒரு நிமிஷம் எழுந்து நிற்க வேண்டும். யாரும் சாகாத வாரத்தில் அவர் முகம் தொங்கிவிடும்.

“இந்த வாரம் ஒருத்தரும் அகப்படலையாக்கும்?” என்பாள் பட்டு.

“தென்னமெரிக்கா பக்கம் பாக்கணும்” என்பார் அவர். கிண்டல் என்று உறைத்தால்தானே!

எண்பதாம் வருஷம் புரட்டாசியில் ஈராக்கும் ஈரானும் சண்டையை ஆரம்பித்தன. கைலாசநாதனுக்குக் கல்யாணக் களை வந்துவிட்டது. புது பிளேடு போட்டுச் சவரம் செய்துகொண்டார். ரேடியோவை விட்டு நகரவில்லை.

அந்த வாரம்தான், தெருக்கோடியில் மாடு வைத்துப் பால் கறந்து விற்கும் சின்னத்தாய் கொல்லை வாசலில் வந்து நின்றாள். அவளுடைய ஒரே மகன் முத்திருளன் ஈராக்கில், பாஸ்ரா பக்கத்தில், ஒரு கட்டடக் கம்பெனியில் வெல்டராக இருந்தான்.

“எம்மவன் இருக்குற ஊருல குண்டு போடுறாங்களாம்மா. டீக்கடையில பேசிக்கிறாக. ஒரு தகவலும் இல்ல. சாமிக்குத்தான் இந்த வெவகாரம் அம்புட்டும் தெரியுமே, ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுங்கம்மா.”

பட்டு உள்ளே போய்க் கேட்டாள்.

“ஞாயித்துக்கிழமை வரச்சொல்லு” என்றார் அவர். “வாசல்ல நின்னுண்டு சொல்ற சமாசாரமா இது? பின்னணியோட சொல்லணும்.”

“பையன் உசுரோட இருக்கானான்னு கேக்கறா. ஏன்னா, அதுக்கு எதுக்குப் பின்னணி?”

“உனக்குப் புரியாது.”

சின்னத்தாய் வெளுத்த சேலை கட்டிக்கொண்டு வந்து பட்டுவின் பக்கத்தில் முன்வரிசையில் உட்கார்ந்தாள். கைலாசநாதன் துருக்கி சுல்தான்களில் ஆரம்பித்தார். ஆறு, எல்லை, ஒப்பந்தம், எண்ணெய் என்று அளந்துகொண்டே போனார். பாஸ்ரா என்ற பெயர் வரும்போதெல்லாம் சின்னத்தாய் நிமிர்ந்து உட்காருவாள். பேரீச்சம்பழம் ஏற்றுமதியாகும் துறைமுகம் என்று சொல்லிவிட்டு அவர் வேறெங்கோ போய்விடுவார்.

கடைசியில் தீர்மானத்தைக் கையில் எடுத்தவர் சின்னத்தாயைப் பார்த்தார். அவர் கண்ணில் ஒரு பளபளப்பு வந்தது. இத்தனை வருஷமாக முகம் தெரியாதவர்களுக்கே இரங்கிக்கொண்டிருந்தவருக்கு, முதல் தடவையாகச் சொந்தத் தெருவில் ஒரு ஆள் கிடைத்துவிட்டான்.

“பாஸ்ராவின் போர்த்தீயில் மறைந்த நம் விளாங்குடி மண்ணின் மைந்தன், தம்பி முத்திருளனுக்கு இவ்வரங்கம் ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துக்கொள்கிறது.”

எல்லோரும் எழுந்தார்கள். சின்னத்தாயும் எழுந்தாள். அந்த மேடைத் தமிழில் மகன் பெயர் மட்டும் பிடிபட்டதும், அவன் நல்லபடியாக வர வேண்டுகிறார்கள் என்று நினைத்துக் கைகூப்பினாள். பிறகு பின்னாலிருந்து ஒருத்தி ‘ஐயோ பாவம்’ என்று அவள் தோளைத் தொட்டாள்.

“ஏம்மா, சாமி என்னம்மா சொன்னாரு?”

பட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த முகத்தைப் பார்த்ததே சின்னத்தாய்க்குப் போதும். அவள் போட்ட ஓலத்தில் ரோட்டில் போனவர்கள் நின்றுவிட்டார்கள்.

கைலாசநாதன் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு கையை மட்டும் உயர்த்தினார்.

“அமைதி, அமைதி. இன்னும் நிமிஷம் முடியலை.”

இந்த மனுஷனைப் பார்த்துப் பட்டு சிரித்திருக்கிறாள், எரிந்து விழுந்திருக்கிறாள். அருவருத்தது அன்றுதான். நேரே மைக் முன்னால் போய் நின்றாள்.

“அவன் போயிட்டான்னு யார் சொன்னா உங்களுக்கு?”

“நெலவரம் அப்படி. ஒரு அனுமானம்தான். சபையில எதிர்த்துப் பேசாதே.”

“பெத்தவ வயித்துல நெருப்பை அள்ளிக் கொட்டிட்டு அனுமானம்ங்கறேளே, வெக்கமா இல்லை?”

அவருக்கு இல்லை. பட்டு சின்னத்தாயைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிப்போய், “இவருக்கு ஒரு எழவும் தெரியாதுடி, சத்தியம்” என்று தலையில் அடித்துச் சொன்னாள். மைக்கில் சொன்னது பொய்யாகுமா? சொந்தபந்தமெல்லாம் வந்து கட்டிப்பிடித்து அழுது, முத்திருளன் போட்டோவுக்கு மாலை போட்டு விளக்கேற்றிவிட்டுப் போயிற்று. அதற்கப்புறம் பட்டு வீட்டிலிருந்து கூட்டத்துக்குச் சுண்டல் போகவில்லை. கூட்டமும் போகவில்லை.

ஐப்பசி மழையில் ஒருநாள் முத்திருளன் வந்து இறங்கினான். கம்பெனி லாரியில் குவைத்துக்குத் தப்பி, அங்கிருந்து வந்தவன், தன் போட்டோவுக்கு முன்னால் எரிந்த விளக்கைத் தானே அணைத்தான்.

மறுநாள் காலையில் பட்டு பால் செம்போடு மாட்டுக்கொட்டிலில் நின்றபோது கைலாசநாதன் குடை பிடித்துக்கொண்டு வந்தார். முகத்தில் அதே பளபளப்பு.

“ரொம்ப சந்தோஷம், சின்னத்தாயி. ஞாயித்துக்கிழமை தம்பியை அரங்கத்துக்கு அனுப்பிவை. ‘போர்முனையில் நான்’னு ஒரு அரைமணி பேசட்டும். நானே தலைமை வகிக்கறேன்.”

கறந்துகொண்டிருந்த சின்னத்தாய் மாட்டின் மடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

“செத்தவனக் கூட்டத்துக்குக் கூப்புடலாமா சாமி?”

“அதுக்கென்ன, அந்தத் தீர்மானத்தை முறைப்படி வாபஸ் வாங்கிட்டாப் போச்சு. விதியில அதுக்கு எடம் இருக்கு...”

அவள் முகத்தை மட்டும் திருப்பினாள்.

“இன்னும் நிமிசம் முடியல சாமி. சத்தம் போடாம நில்லுங்க.”

கைலாசநாதன் பட்டுவைப் பார்த்தார். பட்டு மாட்டைப் பார்த்தாள். பால் கறந்து முடிகிற வரைக்கும் அவர் குடையும் கையுமாக நின்றுகொண்டிருந்தார்.