முன்னிலையில் இருப்பவன் பந்தை எறிவதில்லை

அமெரிக்காவில் இரண்டு நிமிடம் என்றால் இரண்டு நிமிடம் இல்லை. ஒஹாயோவுக்கு வந்த முதல் வருடம், அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரரான டேவ் ஃபுட்பால் பார்க்கத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். நம் ஊர் ஃபுட்பால் இல்லை. பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஆளோடு ஆள் மோதும் ஆட்டம். நடுவில் என் பக்கம் திரும்பி, "இன்னும் இரண்டே நிமிடம்தான்" என்றார். கிளம்பச் சொல்கிறார் என்று நினைத்து எழுந்துபோய், ஜாக்கெட், காலுக்குச் சப்பாத்து எல்லாம் மாட்டிக்கொண்டு கதவருகில் நின்றேன். அரை மணி நேரம் ஆகியும் அந்த இரண்டு நிமிடம் முடியவில்லை. பாவம், டேவின் மனைவி எனக்கு வேறு ஏதோ அவசரம் என்று எண்ணிக் கழிவறையைக் காட்டினார்.

அந்தக் கூச்சம் தாங்காமல்தான் அந்த ஆட்டத்தின் வீடியோ கேமை வாங்கினேன். பந்தைவிட முதலில் பிடிபட்டது கடிகாரம். எறிந்த பந்தை யாரும் பிடிக்காமல் தரையில் விழுந்தால் கடிகாரம் நின்றுவிடும். பந்தோடு ஓடி மைதானத்துக்குள்ளேயே விழுந்தால் அது ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே கடைசி நிமிடங்களில் பின்தங்கியவன்தான் எறிவான். முன்னிலையில் இருப்பவன் எறிய மாட்டான்; ஓடி விழுந்து, ஓடி விழுந்து நேரத்தைக் கரைப்பான். திங்கட்கிழமைகளில் டேவிடம் இதையெல்லாம் வாய் கிழியப் பேசும் அளவுக்குத் தேறினேன். அதே டேவ் ஒருநாள், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார். "ஒரே அண்ணன்" என்றேன். பொய். எனக்கு ஓர் அக்காவும் உண்டு.

அக்கா மலேசியாவில், தஞ்சோங் ரம்புத்தானில் இருக்கிறாள். எங்கள் பேராக் மாநிலத்துக்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன், பெரிய மனநல மருத்துவமனை இருக்கிற ஊர் அது. கோப்பெங் பக்கம் எங்கள் குடும்பம் வேலை செய்த எஸ்டேட்டை முதலாளி விற்றதும் நாங்கள் ஈப்போ நகரத்துக்கு வந்தோம். அக்கா கையுறைத் தொழிற்சாலையில் நின்று வேலை பார்த்துத்தான் என்னைப் படிக்க வைத்தாள். நான் பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவத்தில் இருந்தபோது அவளுக்கு யாரோ பேசுவதுபோல் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. வகுப்பில் எவனாவது உளறினால், "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்புங்கடா" என்று சிரிப்பது வழக்கம். அக்காவைச் சேர்த்த வாரத்தில்கூட நானும் சேர்ந்து சிரித்தேன். என் சிரிப்புக்கு மட்டும் சத்தம் கொஞ்சம் அதிகம்.

போன வருடம் பத்து நாள் லீவில் ஈப்போ போனேன். அண்ணன் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறார். கொண்டுபோன கேமை இரண்டே நாளில் பிடித்துக்கொண்டார். நான் வாத்தியார் மாதிரி கடிகார வித்தையெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். தினமும் அவர், "அக்காவ ஒரு எட்டு பாத்துட்டு வந்துருவோம் லா" என்பார். ஒருநாள் மழை என்றேன். ஒருநாள் தலைவலி என்றேன். ஒருநாள் தைப்பிங்கில் நண்பனைப் பார்க்கவேண்டும் என்று கிளம்பிவிட்டேன். உண்மை என்னவென்றால், அவள் என்னை அடையாளம் கண்டுகொண்டுவிடுவாளோ என்று பயம். மறுநாள் விமானம் ஏறவேண்டும் என்ற நிலையில், அண்ணி அக்காவுக்கென்று மீ கோரெங் நூடுல்ஸ் கிளறி டப்பாவில் அடைத்து வைத்திருந்தார். மருத்துவமனையில் பார்வை நேரம் ஐந்து மணியோடு முடியும்.

"இந்த ஒரு கேம் முடிஞ்சதும் கெளம்பிருவோம், என்ன?" என்றார் அண்ணன்.

"சரிண்ணே."

நான் பத்துப் புள்ளி முன்னால் இருந்தேன். கடைசி இரண்டு நிமிடம். ஓடி விழுந்தாலே போதும். நான் எறிந்தேன். ஆளே இல்லாத ஓரமாகப் பார்த்து எறிந்தேன். திரையில் கடிகாரம் நின்றது. சுவரில் இருந்த கடிகாரம் நாலே காலைத் தாண்டியது. மறுபடியும் எறிந்தேன். மூன்றாவது முறை எறிந்ததும் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீதானடா சொல்லிக் குடுத்த, முன்னுக்கு இருக்கறவன் எறிய மாட்டான்னு. இப்ப ஏன் எறியிற?"

"சும்மாண்ணே... கை தவறி..."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. கையில் இருந்ததைப் பையக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "சரி, நீ விளையாடு. நான் போயிட்டு வாரேன்." டப்பாவை மோட்டார் சைக்கிளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். நான் அந்த ஆட்டத்தை முடிக்கவும் இல்லை, அணைக்கவும் இல்லை.

அவர் திரும்பி வந்தபோது, அக்கா ஏதாவது கேட்டதா என்றேன்.

"கேட்டுச்சு. ஒன் ஃபிளைட்டு இன்னும் வரலன்னு சொல்லிட்டேன்."

டப்பாவைத் திறந்து காட்டினார். கரண்டியால் நடுவே கோடு கிழித்து, ஒரு பாதி மீயை அப்படியே விட்டிருந்தாள்.

"இது தம்பிக்காம். பசியோட வருவானாம், குடுக்கச் சொன்னுச்சு."

வெட்கங்கெட்டு முழுவதையும் சாப்பிட்டேன். அவள் என்னை மறக்கவில்லை. மறந்தவன் மாதிரி நடித்தது நான்தான்.

ஒஹாயோ திரும்பியதும் லீவு எப்படி என்று டேவ் கேட்டார். அண்ணனோடு ஃபுட்பால் ஆடினேன் என்றேன். "யார் ஜெயித்தது?" "நான்தான்." பலே என்று தோளில் தட்டினார்.

இங்கே கோடையில் ஈப்போவுக்கும் எங்களுக்கும் சரியாகப் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம். ஒரே கடிகாரம் இரண்டு ஊருக்கும் போதும். மாலை நாலு மணிக்கு அங்கே விடியற்காலை. அக்கா உறங்கிக்கொண்டிருப்பாள், எனக்குத் தெரியும். ஆனாலும் முள் நாலைத் தொட்டால் என் கால் சப்பாத்தைத் தேடுகிறது. அக்காவைப் பொறுத்தவரை என் விமானம் இன்னும் வந்து சேரவில்லை. ஜாக்கெட்டையும் மாட்டிக்கொண்டு, ஐந்து அடிக்கும் வரை கதவருகிலேயே நிற்கிறேன்.